மேப்பிளை விடுங்கள், லொங்காங்கில் முளைத்ததைப் பாருங்கள்: போன்சாய் தொடங்க எந்த மரம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் போன்சாய் வளர்க்க ஆசைப்படுகிறவரின் காதில் ஒரே வாரத்தில் மூன்று விதமான பேச்சு விழும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நீலப் பீங்கான் தொட்டியில் உருண்டை வேரோடு ஒரு குட்டி மரத்தைக் காட்டி, "போன்சாய், வீட்டுக்குள்ளேயே வைக்கலாம்" என்பார்கள். கைப்பேசியைத் திறந்தால் சிவப்புச் சிவப்பாக ஜப்பானிய மேப்பிள் படம் போட்டு விதை பாக்கெட் சில வெள்ளிக்கு விற்பனை. அப்புறம் விவரம் தெரிந்தவர் ஒருவர் வந்து, "இதெல்லாம் வேண்டாம், உள்ளூர் மரத்தில் தொடங்குங்கள், சந்திகி வாங்குங்கள், நம் நாட்டு மரங்களில் அதுதான் ராஜா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்றுமே சிக்கல்தான். மூன்றாவது கொஞ்சம் கூடுதலாக ஏமாற்றும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. உள்ளூர் மரம் நல்லது, சரி. ஆனால் 'உள்ளூர்' என்பதை எதை வைத்து அளப்பது? நாட்டின் வரைபடத்தை வைத்தா, நம் வீட்டு வாசலில் அடிக்கிற வெயிலை வைத்தா? குழப்பம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

## போன்சாய் என்று ஒரு மரவகை கிடையாது

போன்சாய் ஜப்பானியச் சொல். தட்டையான தொட்டியில் நட்டது என்று பொருள். கலை சீனாவிலிருந்து அங்கே போனது. விதையிலேயே குட்டையாக இருக்கும் மரம் என்று எதுவும் இதில் இல்லை, ஆகவே 'போன்சாய் விதை' என்று விற்கப்படுவது சாதாரண மரத்தின் சாதாரண விதை. தரையில் விட்டால் கோயில் கோபுரத்துக்குப் போட்டியாக எழும் அதே மரம், வேரையும் கிளையையும் மாறி மாறி வெட்டுவதால் தொட்டியில் ஒரு முழ உயரத்தில் நிற்கிறது. அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. தரையில் நிற்கும் மரத்துக்குச் சமாளிக்க வழி உண்டு. மேல்மண் காய்ந்தால் வேரை ஆழத்துக்கு அனுப்பும், ஒரு பக்கம் சத்து இல்லையென்றால் இன்னொரு பக்கம் தேடிப் போகும். தொட்டி மரத்துக்கு இருப்பது இரண்டு கைப்பிடி மண். அதற்குள் வெயில், மழை, நம் மறதி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அது தாங்கியாக வேண்டும். இப்படிப்பட்ட மரத்துக்குக் காற்றும் வெப்பமும் ஈரமுமாவது சாதகமாக இருக்க வேண்டாமா? உள்ளூர் மரம் என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கிற காரணம் இதுதான், நாட்டுப்பற்று கிடையாது.

## மேப்பிள் ஏன் இங்கே நிற்பதில்லை

ஜப்பானிய மேப்பிள், ஜிங்கோ, லார்ச் எல்லாம் குளிர்நாட்டு மரங்கள். பகல் நேரம் குறைவதும் குளிர் ஏறுவதும் அவற்றுக்குச் சைகை. இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும். இதைக் குளிர்கால உறக்கம் என்று சொல்லலாம். இந்த உறக்கம் கலைய, ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் குளிர் வேண்டும். அந்தக் கணக்கு முடிந்தபிறகுதான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும்.

நம் ஊரில் பகல் 32, 33 டிகிரி, இரவு 23, 24. ஆண்டு முழுக்கப் பகல் நேரம் ஏறக்குறைய 12 மணி. மரத்துக்குச் சைகையே கிடைப்பதில்லை. விதை முளைக்கலாம், முளைத்த கன்று கொஞ்ச காலம் பச்சையாகவும் நிற்கலாம், பார்க்கிறவர் "பாருங்கள், வளருதே" என்பார். ஆனால் ஓய்வே இல்லாமல் ஓடும் உடம்பு மாதிரி சேமிப்பைத் தின்று தின்று, கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே இரவு 15 டிகிரி வாக்கில் வரும், மனிதர்களுக்கு ஸ்வெட்டர் போடப் போதும், மேப்பிளுக்குப் போதாது. சீன ஜூனிப்பர் மாதிரி சில விதிவிலக்குகள் சமவெளியிலும் பிழைக்கின்றன, ஆனால் அவை கை பழகியவர்களுக்கு.

இன்னொன்று, வெளிநாட்டு விதையையும் கன்றையும் நினைத்தபடி தபாலில் வரவழைக்க முடியாது. 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி இறக்குமதி அனுமதி வேண்டும். விதை பாக்கெட் விற்கிறவர் இதைச் சொல்வதில்லை.

## 'நம்ம மரம்' என்ற பேச்சுக்குள் மூன்று வகை

இங்கேதான் தோட்டத்து ஊர்க்காரர்களுக்குத் தனியான குழப்பம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பால்மரத்தையும் செம்பனையையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இவற்றைவிட உள்ளூர் மரம் எது இருக்க முடியும்? ஆனால் பால்மரத்தின் சொந்த ஊர் பிரேசில். அங்கிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதையிலிருந்து வந்த கன்றுகளில் சில 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவினுடையது. அதை வணிகத்துக்காக முதலில் நட்ட தென்னமாரம் தோட்டம் 1917ஆம் ஆண்டுக் கதை. இரண்டுக்கும் இங்கே வயது நூறு, நூற்றைம்பதுதான்.

ஆகவே சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது.

1. பூர்வீக மரம். மனிதர் கொண்டுவராமல், தானாகவே இந்த மண்ணில் இருந்து வந்தது. ஜெஜாவி, பெரிங்கின், கெலாம், கெலாட் எல்லாம் இந்த வகை.

2. வந்து நிலைத்த மரம். மனிதர் கொண்டுவந்தார்கள், இப்போது தானாகவே முளைத்துப் பரவுகிறது. சாலையோரம் பார்க்கும் பெத்தாய் பெலாலாங் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது, வாசலில் பிள்ளைகள் பழம் பறித்துத் தின்னும் செரி மரமும் அமெரிக்காவின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தது.

3. நட்டு வைத்த மரம். நட்டால் இருக்கும், விட்டால் தானாகப் பெரிதாகப் பரவாது. கோயில் வேம்பும் அரசும் நம் பாட்டன்மார்களோடு கப்பலேறிய வழக்கத்தின் பிள்ளைகள். புளியமரத்தை நாம் தமிழ்நாட்டுச் சொத்து என்று நினைக்கிறோம், அதுவே ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் போனது.

இரண்டாம் மூன்றாம் வகையை வளர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. புளி அருமையான போன்சாய் ஆகும். காகிதப்பூவும் ஆகும், அது பிரேசில். நூறு வருடம் இருந்தும் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டைக்கு அலைந்தவர்கள் உள்ள ஊரில், மரத்துக்குக் குடியுரிமை சோதனை வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். வகை பிரிப்பது எதற்கென்றால், 'உள்ளூர்' என்று ஒட்டி விற்கும்போது எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு.

சரி, பால்மரத்தையும் செம்பனையையும் போன்சாய் ஆக்கலாமா? பால்மரம் சீவிய கைக்கு இதற்குப் பதில் ஏற்கெனவே தெரியும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய வளரும் அடுக்கு இருக்கிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், தொடாமல் சீவினால் பட்டை திரும்ப வளரும். அடிமரம் பருப்பதும், வெட்டிய இடம் மூடுவதும் அந்த அடுக்கால்தான். போன்சாய் வேலையெல்லாம் அதை நம்பித்தான் நடக்கிறது. செம்பனைக்கு அந்த அடுக்கே கிடையாது, கிளையும் விடாது, உச்சியில் ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினால் மரம் முடிந்தது. பால்மரத்துக்கு அடுக்கு உண்டு, ஆனால் ஒரு காம்பில் மூன்று பெரிய இலை. குட்டி மரத்தில் அந்த இலை, குழந்தை அப்பாவின் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும்.

## நாட்டின் மரம் வேறு, ஊரின் மரம் வேறு

இப்போது சந்திகிக்கு வரலாம். மலேசியாவின் பூர்வீக மரம்தான், சந்தேகமில்லை. முறுகிய தண்டு, கடலை மிட்டாய் அளவுகூட இல்லாத தடித்த இலை, கிழவனின் கைபோல வறண்ட பட்டை. போன்சாய்க்காரர்கள் மயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ராமேசுவரம் பக்கத்து மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் இதே மரம் உண்டு.

ஆனால் அது பாறையும் பவளமும் உப்புக்காற்றும் உள்ள கடலோரத்து மரம். நாள் முழுக்க வெயில், வேரைச் சுற்றி நிற்காத தண்ணீர், அசையும் காற்று, இவை அதற்கு வேண்டும். மலைகளுக்கு நடுவே, பிற்பகல் ஆனால் மழை கொட்டும் உள்நாட்டு ஊரில், இலைமக்கு நிறைந்த மண்ணில் வைத்தால் வேர் அழுகும். மெதுவாக வளர்வது வேறு. ஒரு கிளையைத் தவறாக வெட்டிவிட்டால் அதைச் சரிசெய்ய ஆண்டுகள் ஆகும், தொடங்குகிறவருக்கு அந்தப் பாடம் விலை அதிகம். விலை என்றதும் இன்னொன்று: இவ்வளவு மெதுவாக வளரும் மரம் பருமனான தண்டோடு விற்பனைக்கு வருகிறது என்றால், அது எங்கோ கடற்கரையில் பல்லாண்டு நின்றதைத் தோண்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்கிருந்து வந்தது என்று கேட்டு, தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுவது நல்லது.

சுச்சுர் ஆத்தாப் என்ற மரமும் இப்படித்தான். மெல்லிய ஊசி இலை, பார்க்க பைன் மரம்போல. மலையுச்சியின் ஏழை மண்ணிலும் கடலோர மணலிலும் வளரும். வேரைத் தொட்டாலே முகம் சுளிக்கும் ஜாதி. சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தாலும் ஆசை வரும், பாறையே தொட்டியாக எத்தனை இயற்கைப் போன்சாய்! அந்தக் குன்றுகளில் உள்ள செடிகளில் சில வேறெங்கும் இல்லாதவை. கண்ணால் பார்த்துப் பாடம் கற்க மட்டும் அவை.

ஆக, நாட்டு மரமா என்ற கேள்வியோடு நிறுத்தாமல், நம் ஊரின் உயரத்தில், நம் ஊரின் மழையில், யாரும் கவனிக்காமலேயே அது வளர்கிறதா என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் இடம் கடை இல்லை. பழைய லயத்து வீட்டின் கூரைத் தண்ணீர் விழும் மூலை, பாலத்தின் விரிசல், லொங்காங் (சாக்கடை) சுவர். ஒரு பிடி மண்கூட இல்லாத சிமெண்டு இடுக்கில் வருடக்கணக்கில் நிற்கும் செடி, போன்சாய்த் தொட்டியில் வாழ்வதற்கான பரீட்சையை ஏற்கெனவே எழுதித் தேறிவிட்டது.

## மரத்தின் முன் நின்று கேட்க வேண்டியவை

1. இலை சிறிதா, வெட்ட வெட்டச் சிறுக்குமா? ஒரு காம்பில் பல சிற்றிலைகள் உள்ள மரங்களில் சிற்றிலை சிறுத்தாலும் மொத்தக் காம்பு நீளமாகவே நிற்கும். வேம்பு தொடங்குகிறவருக்குக் கஷ்டம் என்பது இதனால்.

2. மொட்டையடித்த தண்டில் திரும்பத் துளிர்க்குமா? தொடங்குகிறவர் கட்டாயம் தவறான இடத்தில் வெட்டுவார். அதை மன்னிக்கும் மரம் வேண்டும்.

3. தடித்த குச்சியை நட்டால் வேர் விடுமா? சின்னத் தொட்டியில் தண்டு பருப்பது மிக மெதுவாக நடக்கும். கட்டைவிரல் தடிமனுள்ள குச்சியிலிருந்து தொடங்கினால் சில ஆண்டுகள் மிச்சம்.

4. நான்கு நாள் விடாத மழையையும், தண்ணீர் ஊற்ற மறந்த ஒரு நாள் வெயிலையும் தாங்குமா?

நான்கில் மூன்றுக்காவது 'ஆம்' வந்தால் போதும்.

## எவை தேறுகின்றன

ஜெஜாவி. நான்குக்கும் 'ஆம்' சொல்வது இதுதான். அறிவியல் பெயர் ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா, அத்தி, ஆல் குடும்பம். இங்கே கோயில் பக்கத்தில் 'ஆலமரம்' என்று நாம் கைகூப்பும் மரங்கள் பல உண்மையில் இதுவோ பெரிங்கினோதான். நிஜமான ஆலமரத்தின் இலை உள்ளங்கை அளவு இருக்கும், ஜெஜாவி இலை விரல் நீளம், வழவழப்பு, முனை மொட்டை. பெரிங்கின் இலையின் நுனி வால்போல நீண்டு தொங்கும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பெரிங்கின் கிளையை ஓர் இலைகூட விடாமல் வெட்டினால் அந்தக் கிளை அப்படியே செத்துப்போவதுண்டு. ஜெஜாவி துளிர்த்துவிடும்.

பறவை பழத்தைத் தின்று எங்கே எச்சமிட்டாலும் முளைக்கும். செம்பனை மரத்தில் மட்டை வெட்டிய பழைய அடிகளில் மக்கு சேர்ந்திருக்குமே, அங்கே பெரணிச் செடிகளோடு அத்தி இனக் கன்றுகள் முளைத்து நிற்பதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். தோட்டத்துக்கு அது களை.

காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே விழுது தானாக இறங்கும். வறண்ட நாடுகளில் இதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்தை மூடி வைத்துப் பாடுபடுகிறார்கள். வெட்டினால் பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும், பால்மரக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பசார் மாலாமின் உருண்டை வேர்க் குட்டி மரமும் பெரும்பாலும் இதே இனம்தான், விதையிலிருந்து வளர்த்து வேரைப் பருக்க வைத்து, மேலே வேறு கிளையை ஒட்டியிருப்பார்கள். சாகாது, ஆனால் ஒட்டு மறைந்து இயல்பான மரமாக ஆவதற்கு ரொம்ப நாள் பிடிக்கும். வீட்டுக்குள் வைக்கலாம் என்பது பாதிப் பொய். டிவி மேசையில் பல மாதம் தாக்குப்பிடிக்கும், வளராது. தினம் ஐந்தாறு மணி நேர வெயில் கொடுங்கள்.

ஆல், அரசு இனத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு நியாயம் உண்டு, வேர் சுவரைப் பிளக்கும். தொட்டிக்கும் அது பொருந்தும். தரையில் வைத்த தொட்டியின் ஓட்டை வழியே வேர் நழுவி, பக்கத்துச் சாக்கடைக்குள் இறங்கிய பிறகு இழுத்தால் வராது. மேடையோ செங்கல்லோ வைத்து உயர்த்துங்கள். இலை இரண்டாக மடிந்து, உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். மடிந்த இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி எறிந்தால் போதும், மருந்துக்கு ஓட வேண்டாம். உள்ளூர் மரத்துக்கு உள்ளூர்ப் பூச்சியும் உண்டு.

ஜெலிட்டி. இந்தோசீனா, தாய்லாந்திலிருந்து தீபகற்பம் வரை உள்ள மரம். வெள்ளைப் பூ நீண்ட காம்பில் கம்மல்போலத் தலைகீழாகத் தொங்கும், மணக்கும். இங்கே சீனத் தவுக்கேகளின், அதாவது முதலாளிகளின், வீட்டு வாசலில் தட்டுத் தட்டாக வெட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்ப் பிரியன், ஆகவே மழைக்குப் பயமில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு: இலை முழுவதையும் உருவிவிட்டால், புதுத் துளிரோடு மொட்டும் வந்து சில வாரத்தில் பூக்கும். சீனப் புத்தாண்டுக்குக் கணக்குப் பார்த்து இப்படித்தான் பூக்க வைக்கிறார்கள். தீபாவளிக்கும் வைக்கலாம். பலவீனமான மரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பிராய். மலாயில் கெசினாய். இதைச் சொல்லும்போது தமிழருக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருக்கலாம். திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறை என்ற தேவாரத் தலம் இருக்கிறதே, அந்தப் பராய் இந்த மரம்தான், அங்கே தலமரம். இந்தியாவிலும் இங்கேயும் பூர்வீகம் என்று இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடக்கூடிய மரம். இலை உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். தாய்லாந்தில் இதன் பட்டையில் காகிதம் செய்து பழைய சுவடிகளை எழுதினார்கள். மொட்டையடித்தாலும் துளிர்க்கும், இலை நன்றாகச் சிறுக்கும். குச்சி வேர் விடுவது மெதுவாகத்தான், அதற்குப் பொறுமை வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாமான் குடியிருப்பு வீடுகளின் வேலியில் செந்துளிரோடு நிற்கும் கெலாட் பாயா மலிவு, நர்சரியில் எளிதாகக் கிடைக்கும், கத்தரிப்புக்கு அஞ்சாது. கெமுனிங் வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும் தரும், கறிவேப்பிலைக்குச் சொந்தக்காரன், கெரிஸ் என்ற மலாய்க் குத்துவாளின் கைப்பிடிக்கு இந்தக் கட்டையை எடுப்பார்கள், ஆனால் தண்டு பருக்க நாளாகும். கெலாம் சதுப்பு நிலத்து மரம், காயாபுட்டித் தைலம் இதிலிருந்து வருவதுதான். தண்ணீரை அளவில்லாமல் ஊற்றும் கைக்கு ஏற்றது. சவுக்கு கடலோர மரமானாலும் உள்நாட்டிலும் தாங்கும், பெயரில்கூட அது நம் பக்கத்து மரம், 'காசுவரினா' என்பது காசுவாரிப் பறவையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பச்சை இல்லாத அளவுக்கு அதன் கிளையை வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்க்காமல் போகலாம், அதனால் இரண்டாவது மரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

## எங்கிருந்து எடுப்பது

காட்டிலிருந்து வேண்டாம். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்படி, நிரந்தர வனக் காப்பகத்திலிருந்தும் அரசு நிலத்திலிருந்தும் உரிமம் இல்லாமல் வன விளைபொருளை எடுப்பது குற்றம். சின்னச் செடிதானே என்ற வாதம் அங்கே எடுபடாது. தோட்டத்து நிலம் தனியார் நிலம், செம்பனையில் முளைத்தது களையாகவே இருந்தாலும் மண்டோரிடமோ ஆபீசிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. பெரும்பாலும் "எடுத்துட்டுப் போங்க" என்பார்கள்.

உண்மையில் தோண்டவே தேவையில்லை. வீட்டு லொங்காங்கில் முளைத்ததை எப்படியும் ஒருநாள் பிடுங்கித்தான் போடப் போகிறோம். தெருவில் வேலி வெட்டும் நாளில் தடித்த குச்சிகள் குப்பைக்குப் போகும், கேட்டால் கொடுப்பார்கள்.

## ஜப்பானியப் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும்

புத்தகத்தில் 'வசந்தத் தொடக்கத்தில் தொட்டி மாற்று' என்று இருக்கும். நமக்கு வசந்தம் எது? இங்கே பார்க்க வேண்டியது மரத்தின் தெம்பையும் வானத்தையும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். காற்றில் ஈரம் உள்ள அந்த நாட்களில், நன்றாகத் துளிர்த்துக்கொண்டிருக்கும் மரத்தைத் தொட்டி மாற்றி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்தால் போதும். புத்தகம் சொல்லும் இரண்டு மூன்று வருட இடைவெளியும் இங்கே பொருந்தாது, ஜெஜாவி ஒரே வருடத்தில் தொட்டியை வேரால் நிரப்பிவிடும்.

மண்ணில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். ஆழம் குறைந்த தொட்டி சீக்கிரம் காயும் என்று நினைத்து, தண்ணீர் பிடிக்கும் கறுப்பு மண்ணைப் போடுவார்கள். நடப்பது தலைகீழ். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டு நின்றதும் நிமிர்த்திப் பிடியுங்கள், மறுபடி தண்ணீர் கொட்டும். மண்ணும் அப்படித்தான். எந்தத் தொட்டியிலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தங்கும், அந்த உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததில்லை, மண்துகளின் அளவைப் பொறுத்தது. ஆழமான தொட்டியில் அது அடியோடு நிற்கும், தட்டைத் தொட்டியில் வேர் முழுக்க அதற்குள்ளேயே இருக்கும். ஆகவே துகள் பெரிதாக வேண்டும். உடைத்துச் சலித்த செங்கல் துண்டு இரண்டு பங்கு, கரடான ஆற்று மணல் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு என்று தொடங்கலாம், தூளைச் சலித்து எறிந்துவிட வேண்டும். விலை கொடுத்து ஜப்பான் மண் வாங்க வேண்டிய அவசியமில்லை. அடைமழை நாட்களில் தொட்டியின் ஒரு பக்கம் கட்டையைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள், ஸ்பாஞ்சின் அதே கணக்கு.

கிளையை வளைக்கக் கம்பி கட்டினால் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். குளிர்நாட்டில் ஒரு பருவம் முழுக்க விடலாம், இங்கே கிளை வேகமாகப் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும், அந்தத் தழும்பு லேசில் போகாது. தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும், சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் வரும்.

முதல் மரத்துக்கு ஒரு சாண் நீளம், கட்டைவிரல் தடிமனில் ஜெஜாவிக் குச்சி ஒன்றை வெட்டி, இலைகளை எடுத்துவிட்டு, பால் நின்றதும் மேலே சொன்ன மண்ணில் பாதி புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள். துளிர் முதலில் வரும், வேர் அப்புறம்தான், ஆகவே துளிரைப் பார்த்துச் சந்தோஷத்தில் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். முதல் வருடம் ஓட்டை போட்ட பழைய பெயிண்டு வாளியே அதற்குச் சரியான தொட்டி. ஆழமும் அகலமும் உள்ள இடத்தில் வேர் ஓடினால்தான் தண்டு பருக்கும், அந்த ஒரு வருடம் வெட்டாமல் ஓங்கி வளர விடுங்கள்.